எல்லா வயலுக்கும் ஒன்பது

பால் சங்கத்து நோட்டில் பன்னிரண்டு வருஷமாக எல்லா வயலும் ஒன்பது டிகிரிதான். மேட்டு வயல் ஒன்பது, பள்ளத்து வயல் ஒன்பது, மணல் ஒன்பது, களிமண் ஒன்பது. மக்காச்சோளம் அறுத்த கையோடு ஆட்கள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த வாரத்திலும் ஒன்பது. குழாயில் தண்ணீர் உறைந்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கறவை நடந்த வாரத்திலும் ஒன்பது. இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பூமி உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது.

சங்கத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் தலைவரிடம் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒன்பதுன்னு எழுதியிருக்கே, இதை யார் பாத்தது?"

"பத்துக்குக் கீழ இருக்கணும்னு தண்ணி இலாகாக்காரன் சொன்னான்மா. ஒன்பது பத்துக்குக் கீழதானே?"

"அதைக் கேக்கலீங்க. தெர்மாமீட்டரை மண்ணுல குத்திப் பாத்தது யாரு?"

"தெர்மாமீட்டர் பத்திரமா இருக்கு," என்றார் தலைவர், தூங்குகிற குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரலில்.

இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், கறவைப் போட்டியில் வென்ற கோப்பைகளுக்குப் பின்னால், உறை பிரியாத பெட்டிக்குள் இருந்தது. பன்னிரண்டு வருஷத் தூசி மேலே. உள்ளே, கல்யாணமாகாத பெரிய மனுஷி மாதிரி, மண் முகம் பாராத ஒரு இரும்புக் கம்பி.

சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு டேங்கர். வருஷம் முழுக்கக் கொட்டிலிலிருந்து வழிந்து சாணிக்குழியில் தேங்குகிற குழம்பை உறிஞ்சி வயலில் ஊற்ற, அது பண்ணை பண்ணையாகப் போகும். யாருக்கு எப்போது என்று அறுவடைக்கு முன்பே சீட்டுக் குலுக்கிவிடுவார்கள். முறையைத் தவறவிட்டவன் வரிசையில் கடைசி. மண் சூடாக இருக்கும்போது ஊற்றினால் சாணியின் சத்து சில வாரத்தில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு இறங்கி, கிணற்றில் போய்ச் சேரும். நிலம் கல்லாய் உறைந்த பிறகு ஊற்றினால் மேலோடு வழிந்து ஓடையில் சேரும். மண் குளிர்ந்து, ஆனால் உறையாமல், குளிர்காலப் பயிர் வேர் பிடித்து நிற்கிற அந்தக் கொஞ்ச நாளில் ஊற்றினால்தான் போட்டது போட்ட இடத்தில் நிற்கும், பயிர் குடிக்கும். அந்தக் கொஞ்ச நாளைப் பிடிக்கத்தான் நோட்டில் அந்தக் கட்டம். கட்டத்தை ஒன்பதால் அடைத்துவிட்டு, வந்த சீட்டுக்கு வந்த நாளில் எல்லாரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

இலாகா அதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். ஒரு எண்கூட மாறாமல் இருப்பது அவருக்குச் சந்தேகம் தரவில்லை, திருப்தி தந்தது. முத்திரை குத்திவிட்டு இரண்டு லிட்டர் பாலோடு போவார்.

அவள் வீட்டுக்கு இந்த வருஷம் மூன்றாவது சீட்டு. பெரியப்பா அதைத் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். பண்ணை அவர் பேச்சில்தான் நடந்தது; அவளுடைய அப்பா அவருக்குத் தம்பி, அவ்வளவுதான் அப்பாவின் உத்தியோகம். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். மண்ணியல். அந்தப் பட்டத்தைப் பெரியப்பா சட்டம் போட்டுப் பால் அறையில், தீவனக் கம்பெனி காலண்டர் இருந்த ஆணியில், மாட்டியிருந்தார். தீவனம் விற்க வருகிறவனை நிறுத்திவைத்து, "எங்க வீட்டுப் பொண்ணு மண்ணைப் படிச்சிருக்கு" என்று காட்டுவார். அந்தப் பொண்ணு மண்ணைப் பற்றி வாயைத் திறந்தால், "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்" என்பார். சட்டத்துக்குள் இருக்கிறவரைக்கும்தான் படிப்புக்கு மரியாதை.

அந்தப் பால் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தினமும் அண்ணி தெரிவாள். இரண்டு கையிலும் இரண்டு கேன். எல்லாரும் இருக்கிற மேல்வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு, வயல் ஓரமாகவே சரிவில் இறங்கி, தானும் அண்ணனும் குடியிருக்கிற கீழ்வீட்டுக்குப் போவாள். அண்ணன் லாரியோடு வாரத்தில் ஐந்து நாள் சாலையில். கீழ்வீட்டுக்கென்று முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது; கல் கட்டி, மூடி போட்டு, மோட்டார் வைத்த கிணறு. போன குளிர் முடிந்ததும் பரிசோதனைக்கு அனுப்பியதில் தாள் வந்தது: நைட்ரேட் பெரியவர்களுக்கான அளவையே மீறியிருக்கிறது, கைக்குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது, உடம்பு நீலம் பாயும். அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். இப்போது பிள்ளைக்கு நாலு மாதம், புட்டிப் பால்.

"கொதிக்க வச்சுக் குடுக்க வேண்டியதுதானே," என்றார் பெரியப்பா.

"கொதிக்க வச்சா தண்ணிதான் ஆவியாப் போகும் பெரியப்பா. விஷம் அப்படியே கெட்டியாகும்."

"நாங்கெல்லாம் அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் வளந்தோம்."

வளர்ந்த லட்சணம்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள். அண்ணியோ, "சரிங்க மாமா" என்றாள். அண்ணிக்கு எல்லாவற்றுக்கும் சரிங்க மாமா. எட்டாவதோடு நிறுத்திய படிப்பு, நிமிராத தலை. மாட்டுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் முறைக்கத் தெரியும் என்று அவள் மனசுக்குள் ஏசினாள்.

முறைக்கு இரண்டு நாள் முன்னால், அவள் சங்கத்து அலமாரியில் கைவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு, காலிப் பெட்டியைக் கோப்பைகளுக்குப் பின்னாலேயே வைத்தாள். யாரும் தேட மாட்டார்கள். இருக்கிறதா என்று பார்த்தால்தானே இல்லையென்று தெரியும்.

வயல் நடுவில், அறுத்த மக்காச்சோளத் தட்டைகளுக்கிடையே, ஒரு விரல் நீளத்துக்குக் கம்பியை இறக்கினாள். கம்பித் தலையின் வட்டத்தில் முள் தயங்கவே இல்லை. பதினைந்து.

சாயங்காலம் சமையலறையில் சொன்னாள். பெரியப்பா ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி கேட்டுக்கொண்டார்.

"பதினஞ்சா? சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"ஊத்தினா மறுபடியும் கிணத்துக்குத்தான் போகும். முதல்ல விதைக்கலாம். பயிர் ஒரு கை உயரம் வரட்டும். மண்ணு ஆறட்டும். அப்புறம் பயிர் மேலயே ஊத்தலாம்."

பெரியப்பா சிரித்த சிரிப்பில் ரொட்டி புரை ஏறியது. "ஏ காலேஜ்! பயிர் மேல சாணியா? பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுட்டு, தலையில சாணியைக் கரைச்சு ஊத்துவியா?"

"அளவா ஊத்தினா தாங்கும். வேர் இருந்தாத்தான் பிடிச்சு வைக்கும்."

"குழி? மூணு சாண்தான் பாக்கி. முறையை விட்டுட்டுக் கடைசிக்குப் போனா முப்பத்திரண்டு நாள். அதுவரைக்கும் மாடுங்களைச் சாணி போடாதேன்னு சொல்லப் போறியா? நீ சொன்னா கேக்கும், நீ படிச்சவ."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

அவள் குழிக்குப் போய் அளவுகோலைப் பார்த்தாள். சாணி ஒரு நாளைக்கு ஒரு விரல் ஏறுகிறது. ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். மூன்று சாணுக்கு முப்பத்தாறு நாள். நாலு விரல் மிச்சம். பெரியப்பா கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், மழை பெய்த நாளில் நாலு விரல் ஏறுகிறது. ஏன் ஏறுகிறது? தலையை நிமிர்த்தினால் தெரியும். கொட்டில் கூரையின் தகரத் தண்ணீர்த் தாரை இரண்டு வருஷமாக ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. அத்தனை பெரிய கூரையின் மழை மொத்தமும் குழிக்குள். "தண்ணி சேந்தா பம்பு இழுக்கச் சுலபம்" என்று பெரியப்பா அதை ஒரு விவசாய முறையாகவே அறிவித்திருந்தார். சோம்பேறித்தனத்துக்கு இப்படித்தான் மீசை முளைக்கும்.

"தாரையை மாட்டினா குழி தாங்கும்," என்றாள் மறுநாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம். நாளைக்கு டேங்கர் வருது. நோட்டோட வந்து சேரு."

டேங்கர் வந்தது. டேங்கர்காரர் வாயில் குச்சியோடு இறங்கினார். நல்ல மனுஷர், யார் என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நல்லவர். வயல் வரப்பில் பெரியப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அப்பா பின்னால் நின்றார். சரிவில் அண்ணி காலிக் கேன்களோடு ஏறிக்கொண்டிருந்தாள். விதிப்படி எழுத்தர் வெப்பத்தை எழுத வேண்டும், பண்ணைக்காரரும் டேங்கர்காரரும் கீழே கையெழுத்திட வேண்டும். பிறகுதான் குழாய் இறங்கும்.

"எழுதும்மா," என்றார் பெரியப்பா, கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு சொல்வதுபோல. "ஒன்பது."

அவள் கம்பியை மண்ணில் குத்தினாள். டேங்கர்காரர் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கம்பியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. "இதுதானா அது?" என்று குனிந்து பார்த்தார்.

அவள் எழுதினாள். பதினைந்து. எண்ணிலும் எழுதினாள், எழுத்திலும் எழுதினாள்.

"ஏய், என்ன எழுதறே?"

"இருக்கிறதை."

"அடிச்சிட்டு ஒன்பது போடு."

"உங்களுக்கு வேணும்னா நீங்க அடிச்சுப் போடுங்க பெரியப்பா. பக்கத்துலயே பேரும் எழுதுங்க. நாளைக்குத் தண்ணி இலாகாக்காரன் கேட்டா, யார் அடிச்சதுன்னு தெரியணுமில்ல?"

பெரியப்பா பேனாவை வாங்கினார். பேனா நோட்டின் மேல் நின்றது. ஊருக்கே ஆணை போடுகிற கை, தன் பேரை எழுத வேண்டும் என்றதும் நின்றுவிட்டது. நோட்டை டேங்கர்காரர் பக்கம் தள்ளினார்.

"நீ போடுப்பா."

"நானா?" டேங்கர்காரர் குச்சியை மறுபடி வாயில் வைத்தார். "அண்ணே, ஒன்பதுன்னு இருந்தா கண்ணை மூடிட்டுப் போடுவேன். பதினஞ்சுன்னு எழுதி, அதை அடிச்சு, அதுக்குக் கீழ நான் கையெழுத்தா? என் லைசென்ஸ் போயிடும்."

டேங்கர் ஒரு சொட்டு ஊற்றாமல் திரும்பிப் போனது. மூன்றாவது சீட்டுக்காரர்கள் கடைசிச் சீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அன்று பெரியப்பா பேசிய பேச்சை மாடுகள் முழுசாகக் கேட்டன. குடி கெடுக்க வந்தவள், படிக்க வைத்ததே தப்பு, நாலு எழுத்துத் தெரிந்ததும் நாக்கு நீண்டுவிட்டது. படிக்க வைத்தவர் அவரில்லை என்பதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. பால் அறைக்குப் போனபோது ஆணியில் தீவனக் கம்பெனி காலண்டர் திரும்ப வந்திருந்தது. பட்டம் தவிட்டு மூட்டைக்குப் பின்னால், முகத்தைச் சுவருக்குக் காட்டி நின்றது.

சங்கத்திலும் விடவில்லை. "உன்னாலே இப்ப ஒவ்வொருத்தனும் கம்பி எங்க, கம்பி எங்கன்னு பயப்படறான்மா," என்று வருத்தப்பட்ட தலைவர், எழுத்தர் வேலையைத் தன் மருமகனுக்குக் கொடுத்தார். மருமகனுக்கு ஒன்பது எழுதத் தெரியும். அதற்கு மேல் தகுதி கேட்க சங்கம் என்ன பல்கலைக்கழகமா?

அப்பாதான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.  அவள் கீழே ஏணியைப் பிடிக்க, அவர் மேலே ஏறித் தாரையை நிமிர்த்திக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினார். இறங்கும்போது, "ரெண்டு வருஷமாக் கட்டணும்னு நினைச்சேன்," என்றார். இரண்டு வருஷத்தில் அவர் நினைத்த மற்ற விஷயங்களையும் பட்டியல் போட்டால் ஒரு நாள் போதாது என்று தோன்றியது. ஆனாலும் ஏணியைத் தூக்கி வந்திருக்கிறார். மறுநாள் அவரே டிராக்டரை எடுத்துக் குளிர்காலப் பயிரை விதைத்தார். கோதுமைக்குத் தம்பி மாதிரி ஒரு புல், பனியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். பெரியப்பா தின்று முடித்த மாடு மாதிரி வேறு பக்கம் பார்த்து அசைபோட்டார்.

பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. இருபதாம் நாள் மழை. மூன்று நாள் விடாமல். தாரை தாங்கியது. குழி மூன்று நாளில் மூன்று விரல்தான் ஏறியது. பெரியப்பா தானே போய்க் கோலைப் பார்த்துவிட்டு வந்தார், வேறு எதற்கோ போனவர் போல. பயிர் ஒரு கை உயரம் வந்தது.

மண் மட்டும் ஆறவில்லை. சங்கம் திருப்பிக் கேட்காத கம்பி இரவும் பகலும் வயல் நடுவிலேயே குத்தியபடி நின்றது. பதினான்கு, பதிமூன்று, பன்னிரண்டு என்று இறங்கிய முள், இருபத்தைந்தாம் நாள் பதினொன்றில் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், பதினொன்று. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்: "என்னம்மா, மண்ணுக்குக் காய்ச்சல் விட்டுதா?" பெரியப்பா ஒவ்வொரு சாயங்காலமும் குழி விளிம்பைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். கடைசி முறைக்கு நாலு நாள். அன்றும் பதினொன்றாக இருந்தால் அவளே டேங்கரைத் திருப்ப வேண்டும்; அப்புறம் நாலு விரல், நாலு நாள், குழி பொங்கிச் சரிவில் இறங்கும். சரிவின் அடியில் எந்த வீடு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலை அவள் கம்பியை வயல் நடுவிலிருந்து பிடுங்கினாள். கொட்டில் சுவரின் வடக்குப் பக்கம், வெயிலே விழாத ஓரத்தில், பயிர் முளைக்காத சொட்டையில் குத்தினாள். ஒன்பது. அழகான, உருண்டையான ஒன்பது. சமையலறையில் போய், "ஒன்பதுக்கு வந்தாச்சு," என்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு சங்கமே இதை எப்படிச் செய்தது என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

பகலில் கேன்களோடு இறங்கிய அண்ணி, பால் அறை வாசலில் நின்றாள். கேன்களைக் கீழே வைத்தாள். அவள் எங்கேயும் நின்று பார்த்து யாருக்கும் பழக்கமில்லை.

"காலையில சுவத்தோரம் குத்தினே," என்றாள்.

"எங்க?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். அங்க ஒன்பதுதான் காட்டும். நடுவுல பதினொண்ணு. நீ போனப்புறம் எடுத்துட்டுப் போய்க் குத்திப் பாத்தேன்."

"உங்களுக்குப் பாக்கத் தெரியுமா அண்ணி?"

கேட்டிருக்கக் கூடாது. அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முள்ளு எந்த நம்பர்ல நிக்குதுன்னு பாக்க எத்தனாவது படிக்கணும்? போக ஒரு தடவை, வர ஒரு தடவை, தினமும் அந்த வரப்புல நடக்கறவ நான். நீ குத்தி வச்ச நாள்லேருந்து பாக்கறேன். கிணத்து மூடில கரியால எழுதி வச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். கீழ்வீட்டு முற்றத்தில், சிமெண்டு மூடியின் மேல், வரிசை வரிசையாகக் கரி எண்கள். காலை ஒன்று, பகல் ஒன்று. இருபத்தெட்டு நாள். சங்கத்து நோட்டில் பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத உண்மை, எட்டாவதோடு நிறுத்தியவளின் கையெழுத்தில், குடிக்க முடியாத தண்ணீரின் மேல் கிடந்தது. அன்றைய தேதிக்கு நேராக: 11, 11.

உள்ளே பிள்ளை அழுதது. அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பெரிய மாமா ஒன்பதுன்னு சொன்னா எனக்குப் பழக்கம். நீயும் சொல்லாதே."

அவள் சரிவில் ஏறினாள். மேல்வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லார் முன்னாலும், "பதினொண்ணுதான். காலையில நிழல்ல குத்திட்டேன்," என்றாள். பெரியப்பா மீசைக்குள் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு அவளுக்கு வர வேண்டிய பாக்கிதான்.

இருபத்தொன்பதாம் நாள் காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசியது. அன்று பத்து. மறுநாள் எட்டு. முப்பத்தொன்றாம் நாள் ஏழு. முப்பத்திரண்டாம் நாள் காலை புல் நுனியில் மட்டும் வெள்ளைப் பனி. காலால் மிதித்தால் மண் இன்னும் இளகியது. அண்ணி போகும்போது குனிந்து பார்த்தாள். "ஆறு," என்றாள்.

டேங்கர் வந்தது. குழி விளிம்புக்கு நாலு விரல் பாக்கி. டேங்கர்காரர் நோட்டை நீட்டினார். "சட்டுனு கையெழுத்துப் போடுங்கண்ணே, குளிருது."

பெரியப்பா பேனாவைத் திறந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். தலைவரின் மருமகன் சங்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே வரிசை முழுக்க எழுதி அனுப்பியிருந்தான். இன்றைய தேதி, பண்ணை, பரப்பு. வெப்பம்: ஒன்பது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையே தங்களுக்குச் சாதகமாக வந்து வாசலில் நிற்கிறது. இவர்களுக்கு அதை உள்ளே கூப்பிடவும் சோம்பல்.

"அண்ணே, ஆறு. அடிச்சு எழுதுங்க," என்றாள் டேங்கர்காரரிடம்.

"ஆறுன்னா என்னம்மா, ஒன்பதுன்னா என்ன? ரெண்டும் பத்துக்குக் கீழதானே?"

"ஆறுன்னு எழுதுங்க," என்றது பின்னால் ஒரு குரல். அண்ணி, இரண்டு கையிலும் நிறைந்த கேனோடு. "நான் பாத்தேன். யார் அடிச்சதுன்னு கேட்டா என் பேரைப் போட்டுக்கங்க."

டேங்கர்காரர் அண்ணியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். சரிங்க மாமா வரும் என்று பெரியப்பா ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை. அவரே ஒன்பதை அடித்து, ஆறு என்று எழுதி, பக்கத்தில் தன் பேரைப் போட்டார்.

குழாய் இறங்கியது. பச்சைப் பயிர் மேல் பழுப்புக் குழம்பு தாழ்வாக, மெல்லிசாக விழுந்துகொண்டே போனது. பயிர் படுத்தது, பின்னால் மெதுவாக நிமிர்ந்தது. நாற்றம் எப்போதும் போல நாற்றம்தான். வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பெரியப்பா குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மண்ணு ஆறணும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். எங்க வீட்டுப் பொண்ணு மண்ணைப் படிச்சிருக்கு, தெரியுமில்ல?"

 அவள் கம்பியைத் துடைத்து அண்ணியிடம் நீட்டினாள். அண்ணிக்குக் கை காலி இல்லை. குனிந்து, "கேன் பிடியில செருகு," என்றாள்.

கிணற்றுத் தண்ணீரைக் குளிர் முடிந்துதான் மறுபடி பரிசோதனைக்கு அனுப்ப முடியும். போன வருஷ விஷம் இறங்க எத்தனை வருஷம் ஆகுமோ, எந்தப் படிப்பும் உறுதியாகச் சொல்லாது. இந்த வருஷத்தது மட்டும் கூடச் சேராது. அவள் ஒரு கேனை வாங்கிக்கொண்டாள். இருவரும் சரிவில் இறங்கினார்கள்.